லூவன்: ஒரு பல்கலைக்கழகம், இரண்டு ஊர்கள்

பெல்ஜியம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சாக்லேட், வைரம், டின்டின் காமிக்ஸ். அதைத் தாண்டி யோசித்தால் தலைநகர் பிரஸ்ஸல்ஸ். அந்த பிரஸ்ஸல்ஸிலிருந்து கிழக்கே ரயிலில் அரை மணி நேரத்துக்கும் குறைவான தூரத்தில் லூவன் என்ற ஊர் இருக்கிறது. மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகம். நம்மூர்க் கணக்கில் ஒரு சுமாரான நகராட்சி, அவ்வளவுதான். ஆனால் 600 ஆண்டுகளாக அந்த ஊருக்கு ஒரே முகவரிதான்: பல்கலைக்கழகம். அந்தப் பல்கலைக்கழகம் இரண்டு முறை எரிந்தது. மூன்றாவது முறை யாரும் தீ வைக்கவில்லை. அது தானாகவே இரண்டாகப் பிளந்தது. அந்தப் பிளவில் ஒரு நாட்டின் அரசாங்கமே கவிழ்ந்தது. புத்தகங்களைக் கூட எண்ணிப் பங்கு போட்டார்கள்!

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வோம். டச்சு மொழியில் இந்த ஊர் லூவன். பிரெஞ்சில் லூவேன். பழைய ஆங்கிலப் புத்தகங்களில் பிரெஞ்சுப் பெயரே இருக்கும். ஒரே ஊருக்கு இரண்டு பெயர் என்பது உலகத்தில் புதிதல்ல. ஆனால் இங்கே எந்தப் பெயரைச் சொல்கிறோம் என்பதே நாம் எந்தப் பக்கம் என்று காட்டிவிடும்.

பெல்ஜியத்தின் வடக்குப் பாதியில் டச்சு பேசும் பிளெமிஷ் மக்கள், தெற்குப் பாதியில் பிரெஞ்சு பேசும் வலோன் மக்கள். லூவன் இருப்பது வடக்குப் பாதியில், ஆனால் மொழி எல்லைக்குக் கொஞ்சம் பக்கத்தில். கதையின் கரு இதுதான்.

டெய்ல என்ற சிறிய ஆற்றின் கரையில் வளர்ந்த ஊர் லூவன். இடைக்காலத்தில் பிரபாண்ட் என்ற சிற்றரசின் முக்கிய நகரம். நெசவுதான் தொழில். கம்பளித் துணி விற்பதற்காக 1317-இல் ஒரு பெரிய துணி மண்டபம் கட்டத் தொடங்கும் அளவுக்குப் பணம் புரண்டது. பிறகு சரிவு. துணி வியாபாரம் படுத்தது. ஆட்சியாளர்கள் பிரஸ்ஸல்ஸ் பக்கம் போய்விட்டார்கள். ஊர் காலியாகத் தொடங்கியது.

அப்போது வந்த யோசனைதான் பல்கலைக்கழகம். பிரபாண்ட் கோமகன் நான்காம் ஜானும், நகர சபையும், புனித பீட்டர் ஆலயத்தாரும் சேர்ந்து போப்பாண்டவருக்கு விண்ணப்பம் போட்டார்கள். 1425 டிசம்பர் 9 அன்று போப் ஐந்தாம் மார்ட்டின் அனுமதி கொடுத்தார். ஒரு நிபந்தனை இருந்தது. மாணவர்கள், ஆசிரியர்கள் மீது விசாரணை நடத்தும் அதிகாரம் நகரத்துக்கோ கோமகனுக்கோ கிடையாது, பல்கலைக்கழகத் தலைவருக்கே உண்டு. அதாவது ஒரு மாணவன் கடைவீதியில் ரகளை செய்தால் ஊர் நீதிமன்றம் அவனைத் தொட முடியாது. பிழைப்புக்காக ஊர்க்காரர்கள் இதற்கும் சரி என்றார்கள். 1432-இல் அந்தத் துணி மண்டபத்தின் ஒரு பகுதியையும் வகுப்புகளுக்குக் கொடுத்தார்கள். துணி விற்ற இடத்தில் சட்டமும் இறையியலும்!

முதலீடு வீண் போகவில்லை. அடுத்த நூறு ஆண்டில் லூவன் ஐரோப்பாவின் பெரிய கல்வி நகரங்களில் ஒன்றாகிவிட்டது. தாமஸ் மோர் எழுதிய 'உட்டோபியா' 1516-இல் முதலில் அச்சானது லண்டனில் அல்ல, லூவனில்தான். மறு வருடம் எராஸ்மஸின் முயற்சியால் லத்தீன், கிரேக்கம், எபிரேயம் மூன்றையும் இலவசமாகக் கற்பிக்கும் மும்மொழிக் கல்லூரி தொடங்கியது. உடற்கூறு இயலை மாற்றி எழுதிய வெசாலியஸ் இங்கே படித்தவர். உலக வரைபடத்துக்குப் பெயர் கொடுத்த மெர்கேட்டரும் இங்கே படித்தவர்தான். இங்கே பேராசிரியராக இருந்த ஏட்ரியன் 1522-இல் போப்பாண்டவராகவே ஆனார்.

இந்தக் காலம் முழுக்க மொழிச் சண்டை என்ற பேச்சே இல்லை. காரணம் எளிது. பாடமொழி லத்தீன். அது யாருடைய தாய்மொழியும் இல்லை, அதனால் யாருக்கும் வருத்தமும் இல்லை.

1797-இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு பல்கலைக்கழகத்தை மூடிவிட்டது. பிறகு பெல்ஜியம் 1830-இல் தனி நாடானது. கத்தோலிக்க ஆயர்கள் 1834-இல் மெகலன் என்ற ஊரில் புதிதாக ஒரு பல்கலைக்கழகம் தொடங்கி மறு வருடமே அதை லூவனுக்குக் கொண்டு வந்தார்கள். இது பழைய பல்கலைக்கழகத்தின் தொடர்ச்சியா, அல்லது அதே வீட்டுக்குக் குடிவந்த புது ஆளா என்று வரலாற்று ஆசிரியர்கள் வாதாடுவார்கள். ஊர்க்காரர்களுக்கு அந்தச் சந்தேகம் கிடையாது. ஒரு மாற்றம் மட்டும் நடந்திருந்தது. லத்தீன் போய் பிரெஞ்சு வந்திருந்தது. புதிய பெல்ஜியத்தில் பிரெஞ்சுதான் அரசு மொழி, கோர்ட் மொழி, படித்தவர் மொழி. லூவனில் ரொட்டி விற்கிறவரும் வீட்டு வேலை செய்கிறவரும் பேசியது டச்சு. வகுப்பறைக்குள் கேட்டது பிரெஞ்சு.

இனி நெருப்புக் கதை.

முதல் உலகப் போர் தொடங்கியதும் நடுநிலை நாடான பெல்ஜியத்துக்குள் ஜெர்மன் படை புகுந்தது. 1914 ஆகஸ்ட் 19 அன்று லூவனுக்குள் வந்தது. ஆறு நாள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஆகஸ்ட் 25 மாலை எங்கிருந்தோ துப்பாக்கிச் சத்தம் கேட்டது. ஊர்க்காரர்கள் மறைந்திருந்து சுடுகிறார்கள் என்று ஜெர்மன் வீரர்கள் சொன்னார்கள். பதற்றத்தில் அவர்கள் தங்களையே சுட்டுக்கொண்டார்கள் என்பதுதான் இன்று பெரும்பாலான வரலாற்று ஆசிரியர்களின் முடிவு. காரணம் எதுவானாலும் தண்டனை ஊருக்கு விழுந்தது. வீடு வீடாகத் தீ வைத்தார்கள். 248 பேர் கொல்லப்பட்டார்கள். சுமார் 1,500 பேர் ஜெர்மனிக்குக் கொண்டு போகப்பட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பல்.

அந்த இரவில்தான் துணி மண்டபத்தில் இருந்த பல்கலைக்கழக நூலகமும் எரிந்தது. சுமார் 3 லட்சம் நூல்கள். அவற்றில் சுமார் ஆயிரம் கையெழுத்துப் பிரதிகள், அச்சுக்கலை பிறந்த முதல் ஐம்பது ஆண்டுகளில் அச்சான நூல்கள் பல நூறு. கையெழுத்துப் பிரதி எரிந்தால் எரிந்ததுதான், மறுபதிப்பு கிடையாது. கொல்லப்பட்ட மனிதர்களைவிட இந்தப் புத்தகங்களைப் பற்றித்தான் உலகப் பத்திரிகைகள் அதிகம் எழுதின என்பது கசப்பான உண்மை. அக்டோபரில் ஜெர்மனியின் 93 அறிஞர்கள் கையெழுத்திட்ட ஓர் அறிக்கை வந்தது. எங்கள் படை லூவனில் காட்டுமிராண்டித்தனமாக நடக்கவில்லை என்று அது சாதித்தது. கையெழுத்துப் போட்டவர்களில் ரோன்ட்கன் உண்டு, மேக்ஸ் பிளாங்க் உண்டு. எக்ஸ்-ரே கண்டுபிடித்தவருக்கும் தன் நாட்டு அரசைத் தாண்டிப் பார்க்க முடியவில்லை!

போர் முடிந்தது. வெர்சாய் ஒப்பந்தத்தில் லூவன் நூலகத்துக்கென்றே ஒரு பிரிவு எழுதினார்கள். எரிந்ததற்கு ஈடாக ஜெர்மனி புத்தகம் கொடுக்க வேண்டும். கட்டடத்துக்குப் பணம் அமெரிக்காவிலிருந்து வந்தது. நன்கொடை கொடுத்த பள்ளிகள், கல்லூரிகளின் பெயர்களை இன்றும் சுவர்க் கற்களில் படிக்கலாம். வடிவமைத்தவர் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தை வடிவமைத்தவர்களில் ஒருவரான விட்னி வாரன்.

இந்த வாரன் ஒரு வம்பை இழுத்து வைத்தார். கட்டடத்தின் முகப்பில் கல்லாலான கைப்பிடிச் சுவர். அதில் லத்தீனில் ஒரு வாசகம் செதுக்க ஏற்பாடு செய்தார். பொருள் இதுதான்: ஜெர்மானிய வெறியால் அழிந்தது, அமெரிக்கக் கொடையால் எழுந்தது. பல்கலைக்கழகத் தலைவர் லாதூஸ் ஒத்துக்கொள்ளவில்லை. போர் முடிந்து பத்து வருடம் ஆகிறது, நாளை ஜெர்மன் மாணவர்களும் இங்கே வருவார்கள், படிக்கிற இடத்தின் நெற்றியில் பகையை எழுதி வைக்கலாமா என்பது அவர் பக்கம். செத்தவர்களை மறக்கச் சொல்கிறாரா என்று கொதித்தார்கள் எதிர்த் தரப்பினர். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. வாசகம் இல்லாத வெறும் சுவரை வைத்தபோது அது உடைக்கப்பட்டது. விவகாரம் கோர்ட் வரை போனது. கடைசியில் லாதூஸ் ஜெயித்தார். 1928 ஜூலை 4 அன்று நூலகம் திறந்தபோது அந்த வரி இல்லை. வாசகம் செதுக்கிய சுவர் பிறகு 1914-இல் 674 பேரைப் பறிகொடுத்த டினான் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தது.

வரியை நீக்கியதற்குப் பலன் கிடைத்ததா? 1940 மே மாதம் மறுபடியும் ஜெர்மன் படை வந்தது. மறுபடியும் அதே நூலகம் எரிந்தது. இந்த முறை போன நூல்கள் சுமார் 9 லட்சம். ஜெர்மனி ஈடாகக் கொடுத்த புத்தகங்களும் அதில் அடக்கம். போருக்குப் பிறகு பழைய வரைபடத்தைப் பார்த்து அதே கட்டடத்தை மறுபடி எழுப்பினார்கள். நூல்களை மறுபடி சேர்த்தார்கள்.

இதற்கிடையில் மொழிப் பிரச்சினை உள்ளுக்குள் புகைந்து கொண்டிருந்தது. 1930களில் பெரும்பாலான பாடங்கள் டச்சு, பிரெஞ்சு இரண்டிலும் தனித்தனியாக நடக்கத் தொடங்கின. ஒரே பல்கலைக்கழகம், இரண்டு பிரிவுகள். அந்தக் காலத்து பிளெமிஷ் மாணவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதற்கு ஓர் ஆளைப் பார்த்தால் போதும். 1920களின் இறுதியில் இங்கே இன்ஜினியரிங் படித்தவர் காமில் புல்கே. சொந்த மண்ணிலேயே சொந்த மொழி இரண்டாம் தரமாக இருப்பதை எதிர்த்த மாணவர்களில் அவரும் ஒருவர். பிறகு இயேசு சபைத் துறவியாகி 1935-இல் இந்தியா வந்தார். இங்கே படித்தவர்கள் ஆங்கிலத்தைத் தலையில் வைத்துக்கொண்டு தாய்மொழியைத் தள்ளி வைத்திருப்பதைப் பார்த்து அவருக்கு ஆச்சரியம். இந்தி கற்றார். கம்பராமாயணம் உட்பட ராமாயணங்களை எல்லாம் ஒப்பிட்டு 'ராம்கதா' என்ற ஆராய்ச்சியை இந்தியிலேயே எழுதினார். அவருடைய ஆங்கில-இந்தி அகராதி வெளிவந்தது 1968. அதே வருடம் அவர் படித்த ஊரில் என்ன நடந்தது என்பதுதான் மீதிக் கதை.

1962-63-இல் பெல்ஜியம் மொழி எல்லையைச் சட்டமாக்கியது. எல்லைக்கு வடக்கே எல்லாமே டச்சு, தெற்கே எல்லாமே பிரெஞ்சு, பிரஸ்ஸல்ஸ் மட்டும் இருமொழி. லூவன் வடக்கே இருந்தது. ஆனால் அதன் நடுவில் ஒரு பெரிய பிரெஞ்சுப் பிரிவு, ஆயிரக்கணக்கான பிரெஞ்சு மாணவர்கள், பேராசிரியர் பிள்ளைகளுக்குத் தனிப் பிரெஞ்சுப் பள்ளிகள். ஒரு காலத்தில் டச்சு ஊராக இருந்த பிரஸ்ஸல்ஸ் கண்ணெதிரிலேயே பிரெஞ்சு ஊராக மாறியதைப் பார்த்தவர்கள் பிளெமிஷ் மக்கள். எண்ணெய்க் கறை போலப் பரவுகிறது என்பார்கள். அடுத்த சொட்டு லூவன்தான் என்று பயந்தார்கள். பிரஸ்ஸல்ஸிலிருந்து லூவன் வரை நீளும் பெருநகரம் என்று பிரெஞ்சுத் தரப்பில் சிலர் பேசியது எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தது.

பல்கலைக்கழகம் ஆயர்களுக்குக் கட்டுப்பட்டது. 1966 மே 13 அன்று ஆயர்கள் ஓர் அறிக்கை விட்டார்கள். பல்கலைக்கழகம் ஒன்றாகவே இருக்கும், லூவனிலேயே இருக்கும், பேச்சுக்கு இடமில்லை என்ற தொனி. பக்தி மிகுந்த பிளெமிஷ் குடும்பத்துப் பிள்ளைகள் முதல் முறையாக ஆயர்களை எதிர்த்துத் தெருவுக்கு வந்தார்கள். 'வலோன்களே வெளியேறுங்கள்' என்பது கோஷம்.

இந்தக் கோஷத்தை நியாயப்படுத்துவது சுலபமில்லை. மொழி உரிமை என்பது வேறு, கூடப் படிக்கிறவனை ஊரை விட்டுப் போ என்பது வேறு. மாணவர்களில் ஒரு பகுதியினருக்கே இது உறுத்தியது. சண்டை வலோன் மக்களோடு அல்ல, மேல்தட்டோடுதான் என்று சொல்லி அவர்கள் கோஷத்தை 'முதலாளிகளே வெளியேறுங்கள்' என்று மாற்றிப் பார்த்தார்கள். ஆனாலும் சுவர்களில் நிலைத்தது பழைய கோஷம்தான்.

எதிர்ப்பக்கத்தில் நின்றவர்களில் ஒருவர் ஜார்ஜ் லெமேத்ர். பாதிரியார், இயற்பியல் பேராசிரியர். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இலேயே பிரெஞ்சில் எழுதியவர். பிக் பேங் கொள்கையின் தந்தை. பிளவைத் தடுக்க 1962-இல் பேராசிரியர்களைச் சேர்த்து ஓர் அமைப்பையே தொடங்கினார். பிரபஞ்சம் விரிந்து விலகிக் கொண்டே போகிறது என்று சொன்னவர் தன் பல்கலைக்கழகம் விலகக் கூடாது என்று போராடியது விசித்திரமான பொருத்தம். ஆயர்களின் அறிக்கை வந்து ஒரு மாதம் கழித்து, 1966 ஜூன் 20 அன்று லூவனிலேயே இறந்து போனார். முடிவைப் பார்க்கவில்லை.

1968 ஜனவரியில் பிரெஞ்சுப் பிரிவு தன் எதிர்காலத் திட்டத்தை வெளியிட்டது. லூவனில் தொடர்வதுதான் அதன் சாரம். ஊர் வெடித்தது. நாள்தோறும் ஊர்வலம், தண்ணீர் பீரங்கி, கைது. மற்ற பிளெமிஷ் ஊர்களிலும் பள்ளிப் பிள்ளைகள் வரை தெருவுக்கு வந்தார்கள். பிப்ரவரி தொடக்கத்தில் புரூஜ் ஆயரே நாங்கள் 1966-இல் தவறு செய்தோம் என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டார். பிப்ரவரி 7 அன்று பிரதமர் வாண்டன் போய்னான்ட்ஸ் அரசு விழுந்தது. பாரிஸ் மாணவர்களின் புகழ்பெற்ற மே மாதக் கிளர்ச்சிக்கு மூன்று மாதம் முன்பே லூவன் மாணவர்கள் ஓர் அரசைக் கவிழ்த்துவிட்டார்கள்! ஆளும் கிறிஸ்தவக் கட்சி மொழி வாரியாக இரண்டானது. 1972-இல் லிபரல் கட்சி, 1978-இல் சோஷலிஸ்ட் கட்சி. மூன்று பெரிய கட்சிகளும் பிளந்தன. பெல்ஜியம் பிறகு கூட்டாட்சி நாடானதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

1968 செப்டம்பரில் முடிவாயிற்று. பிரெஞ்சுப் பிரிவு போக வேண்டியதுதான். எங்கே? மொழி எல்லைக்குத் தெற்கே, ஓட்டினி என்ற ஊருக்குப் பக்கத்தில், விளைநிலத்தில். அங்கே ஊரே கிடையாது. ஆகவே ஊரைக் கட்டினார்கள். பெயர் லூவேன்-லா-நூவ், அதாவது புதிய லூவேன். 1971 பிப்ரவரி 2 அன்று மன்னர் போதுவான் அடிக்கல் நாட்டினார். 1972-இல் முதல் மாணவர்கள் வந்தபோது சேறும் கட்டுமானப் பள்ளமும்தான் இருந்தன. மருத்துவப் பிரிவு மட்டும் பிரஸ்ஸல்ஸுக்குப் போனது. 1979-இல்தான் குடிபெயர்ப்பு முழுதாக முடிந்தது.

புது ஊரைத் திட்டமிட்டவர்களில் முக்கியமானவர் ரேமோன் லெமேர். பழைய கட்டடங்களைக் காப்பதில் உலகப் பெயர் பெற்றவர். லூவனில் துறவறம் போல வாழ்ந்த பெண்களுக்கான பழைய குடியிருப்பு ஒன்று இடிந்து கிடந்தது. 1960களில் பல்கலைக்கழகம் அதை வாங்கியபோது செங்கல் செங்கலாகச் சீரமைத்தவர் இவர்தான். 1998 முதல் அது யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, இன்றும் அங்கே மாணவர்கள் வசிக்கிறார்கள். அதே மனிதர் வெறும் வயலில் ஓர் ஊர் கட்ட வேண்டி வந்தது. அவர் கட்டியது பழைய ஊரின் சாயலில்தான். குறுகிய தெருக்கள், சின்னச் சின்னச் சதுக்கங்கள், எங்கும் நடந்தே போகலாம். ஒரு பெரிய கான்கிரீட் தளத்தின் மேல் ஊர், காரும் ரயிலும் அதற்கு அடியில். லூவனை விட்டுப் போகச் சொன்னார்கள், அவர்கள் லூவனைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார்கள்.

நூலகம்? இரண்டு தீயைத் தாண்டிச் சேர்த்த நூல்களை யாருக்குக் கொடுப்பது? நன்கொடையாளரின் விருப்பம் தெரிந்தவற்றை அதன்படி கொடுத்தார்கள். மற்றவற்றுக்குப் பொதுவான விதி, அலமாரி எண். ஒற்றைப்படை எண் லூவனில் இருக்கட்டும், இரட்டைப்படை எண் தெற்கே போகட்டும். கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி இங்கே, இரண்டாவது தொகுதி அங்கே என்று கேலி பேசுவார்கள். கேலி மிகையாக இருக்கலாம், ஆனால் பாகப்பிரிவினை நடந்தது உண்மை. சொத்தைப் பிரிக்கும் அண்ணன் தம்பி கூட அண்டா குண்டாவை இப்படி எண் போட்டுப் பிரித்ததில்லை.

இன்றைய லூவனில் இந்தத் தழும்புகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஊர் முழுக்க சைக்கிள். பழைய சந்தைச் சதுக்கம் முழுக்க மதுக்கடைகள். ஸ்டெல்லா ஆர்ட்வா பீர் பிறந்த ஊர் இது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1984-இல் தொடங்கிய ஐமெக் ஆராய்ச்சி மையத்தால் சிப் தொழில்நுட்பத்தில் உலகமே இந்த ஊரைப் பார்க்கிறது. நகர மண்டபம் 236 கற்சிலைகளோடு இரண்டு போரையும் தாண்டி நிற்கிறது. அதற்குக் கொஞ்ச தூரத்தில் ஃபோன்ஸ்க என்ற செல்லப் பெயர் கொண்ட சிலை. ஒரு கையில் புத்தகம் வைத்துப் படித்தபடியே ஒரு மாணவன் தன் மண்டைக்குள் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறான். பல்கலைக்கழகத்தின் 550-ஆவது ஆண்டான 1975-இல் வைத்தது. அந்த வருடம் தெற்கே பாதிப் பல்கலைக்கழகம் இன்னும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு பல்கலைக்கழகங்களும் தாங்கள் பிறந்த ஆண்டு 1425 என்றே போட்டுக்கொள்கின்றன. 2024 செப்டம்பரில் போப் பிரான்சிஸ் வந்தபோது முதல் நாள் லூவன், மறுநாள் லூவேன்-லா-நூவ் என்று இரண்டு இடத்துக்கும் போக வேண்டியிருந்தது. 2025-இல் 600-ஆவது ஆண்டு விழா. அதையும் இரண்டு ஊர்களிலும் கொண்டாடினார்கள். லூவனில் டச்சிலும், லூவேன்-லா-நூவில் பிரெஞ்சிலும்.